முழங்கையில் அடுக்கிய தகடுகள்

இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாவுக்கு மேலே நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில், பழைய ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) போகும் பாதையின் வளைவில், சிறிய மாதா கோவில் ஒன்று இருந்தது. அதன் உட்சுவரில், புனித ஜோர்ஜ் வெள்ளைக் குதிரையில் அமர்ந்து காலடியில் நெளியும் டிராகனை ஈட்டியால் குத்தும் அச்சுப்படம் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டப்பட்டிருந்தது. நாங்கள் மாரியம்மன் கோவில் குடும்பம் என்றாலும் நத்தார் காலத்தில் லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் அங்கே போவோம். ஆண்டுக்கணக்கில் பனி உட்புகுந்ததால் படம் பூஞ்சணம் பிடித்துப் பழுப்பேறி, குதிரையின் வாலும் டிராகனின் பாதி உடலும் மறைந்துபோயிருந்தன. அந்த வீரர் தலை முதல் கால் வரை அணிந்திருந்த இரும்பு உடை மட்டும் எப்படியோ தப்பியிருந்தது.

என் அப்பா ஒருநாள் அந்தப் படத்தின் முன் நெடுநேரம் நின்றார். கொழுந்தை உலர்த்தும் இயந்திரத்தின் சூட்டுக் குழாய்கள், கூரைப் பீலிகள், தூள் இறங்கும் தகரச் சரிவுகள் ஆகியவற்றை வெட்டி, வளைத்து, பொருத்துவது ஸ்டோரில் அவருடைய வேலை. அவர் புனிதரின் முகத்தைப் பார்க்கவில்லை, டிராகனையும் பார்க்கவில்லை. வீரரின் மடங்கிய கையைச் சுட்டிக்காட்டி, "இந்த முழங்கையப் பாரு. தகட்ட மடக்கல, அடுக்கியிருக்கான். இதச் செஞ்சவன் பெரிய வேலைக்காரன்" என்றார். அன்று முதல் எந்தக் கவசத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் முழங்கைக்குத்தான் போகிறது.

இப்போது நான் ஒரு தோட்டப் பாடசாலையில் சித்திர ஆசிரியனாக இருக்கிறேன். சென்ற தவணையில் 9ஆம் தர மாணவர்களுக்கு ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால ஓவியங்களை அறிமுகப்படுத்தும்போது, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஃபாயேல் வரைந்த புனித ஜோர்ஜைக் காட்டினேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "சேர், இவ்வளவு இரும்பையும் போட்டுக்கொண்டு அவர் விழுந்துவிட்டால் எப்படி எழும்புவார்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. உலகம் முழுவதும் பெரியவர்களே தவறான விடையை நம்பிக்கொண்டிருக்கும் கேள்வி அது. மணி அடிப்பதற்குள் என்னால் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். மீதியை இங்கே எழுதி வைக்கிறேன்.

அவர் தானாகவே எழும்புவார் என்பதே விடை. 15ஆம் நூற்றாண்டில் போர்க்களத்துக்கென்று செய்யப்பட்ட முழுத் தகட்டுக் கவசத்தின் நிறை பெரும்பாலும் 20 முதல் 25 கிலோகிராம் வரை இருந்தது. இன்றைய காலாட்படை வீரர் முதுகில் சுமந்து நடக்கும் பொதி பல வேளைகளில் இதைவிடப் பாரமானது. கவச வீரர்கள் கையில் பிடித்த வாளும் நாம் நினைப்பதுபோல் தூக்க முடியாத இரும்புப் பாளம் அன்று. ஒரு கையால் வீசும் வாளின் நிறை ஒன்று முதல் ஒன்றரைக் கிலோகிராமுக்குள் அடங்கியது. பிரான்சின் மார்ஷலாக (படைத்தளபதியாக) இருந்த பூசிகோ (1366–1421) என்ற நைட்டின், அதாவது கவசமணிந்து குதிரையில் போரிடும் உயர்குல வீரரின், வரலாற்றை அவர் உயிரோடிருந்த காலத்திலேயே ஒருவர் எழுதி வைத்தார். சுவரில் சாய்த்த ஏணியின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு, கால் படாமல், இரும்புச் சட்டையுடன் கைகளாலேயே மேலே ஏறிவிடுவார் என்றும், தலைச்சீராவை மட்டும் கழற்றிவிட்டு முழுக் கவசத்தோடு குட்டிக்கரணம் அடிப்பார் என்றும் அதில் காணப்படுகிறது. புகழ்ச்சிக்காக எழுதிய நூல்தான். ஆனாலும் இக்காலத்தில் பழைய முறைப்படி செய்த கவசங்களை அணிந்து பயிற்சி செய்பவர்கள் ஓடுவதையும், விழுந்து எழுவதையும், குதிரை மீது தாவி ஏறுவதையும் பார்த்தால் அதை நம்பத் தடை இராது.

அப்படியானால் அந்த இரும்பு உடலை வருத்தவே இல்லையா? வருத்தியது. எப்படி வருத்தியது என்பதை மலையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு விளக்குவது எளிது. நெற்றியில் கயிற்றை மாட்டி, கூடை நிறையக் கொழுந்தை முதுகில் சுமந்து சரிவில் ஏறும் தாயை அவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். அதே பாரத்தில் ஒரு பகுதியைக் கழற்றி அவளுடைய முழங்காலிலும் கணுக்காலிலும் பாதத்திலும் கட்டிவிட்டால், ஒவ்வொரு அடிக்கும் அவள் அந்த இரும்பைத் தூக்கி, முன்னே வீசி, மீண்டும் நிறுத்த வேண்டியிருக்கும். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், கவசம் அணிந்தவர்களை நடைப்பொறியில் நடக்கவைத்து மூச்சுக்காற்றை அளந்தபோது, அவர்கள் செலவிட்ட சக்தி கவசமின்றி நடப்பவர் செலவிடுவதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது. கால்களில் ஏறிய பாரமே முதற்காரணம். மார்புத் தகடு நெஞ்சை விரியவிடாததால் ஆழமாக இழுக்க வேண்டிய மூச்சைக் குறுகிக் குறுகி வேகமாக இழுத்தார்கள். நைட் ஒருவரால் குட்டிக்கரணம் அடிக்க முடியும். நாள் முழுவதும் அடித்துக்கொண்டிருக்க முடியாது.

நைட்டைக் கயிறு கட்டிக் குதிரை மேல் தூக்கி வைத்தார்கள் என்ற கதை பிற்காலத்தவர் கட்டியது. அது பரவுவதற்கு ஒரு காரணம் உண்டு. குதிரை மீதிருந்து ஈட்டியால் மோதும் விளையாட்டுப் போட்டிகளுக்கென்று தனியாகச் செய்த கவசங்கள், ஒரே திசையிலிருந்து வரும் ஒரே அடியைத் தாங்கினால் போதும் என்பதால், தடிப்பாகவும் அசைய இடமில்லாமலும் செய்யப்பட்டன. அவற்றில் சில 40 கிலோகிராமையும் தாண்டின. நூதனசாலைகளில் அத்தகைய கவசத்தைப் பார்த்தவர்கள் அதுவே போர்க்கள உடை என்று எண்ணிக்கொண்டார்கள். அவ்வளவு தடித்த இரும்பும் எல்லோரையும் காப்பாற்றவில்லை. பிரான்சின் மன்னர் இரண்டாம் ஹென்றி 1559 ஜூன் 30 அன்று நடந்த போட்டியில், உடைந்த ஈட்டியின் சிராய் முகமூடியின் இடைவெளி வழியே பாய்ந்ததால், பத்து நாள் துடித்து இறந்தார்.

அப்பா சொன்ன "பெரிய வேலைக்காரன்" பக்கம் வருகிறேன். எனக்கு இந்த விடயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

தகட்டுக் கவசத்துக்கு முன் பல நூற்றாண்டுகள் நைட்டுகள் அணிந்தது இரும்பு வளையங்களால் பின்னிய சட்டை. ஒவ்வொரு வளையமும் நான்கு வளையங்களைக் கோத்து நிற்கும். ஒவ்வொன்றின் நுனிகளையும் தட்டையாக்கி, துளையிட்டு, மிகச் சிறிய ஆணி வைத்து இறுக்க வேண்டும். ஒரு சட்டைக்கு இப்படிப் பல்லாயிரம் வளையங்கள். 1066இல் நோர்மண்டியர் இங்கிலாந்தைப் பிடித்த கதையைச் சொல்லும், ஏறத்தாழ 70 மீற்றர் நீளமான பேயோ துணிச்சித்திரத்தில், கப்பலில் ஏற்றுவதற்காக அந்தச் சட்டைகளைக் கொண்டு போகும் காட்சி வருகிறது. கைத்துளைகளுக்குள் ஒரு கம்பை நுழைத்து இரண்டு பேர் முன்னும் பின்னுமாகத் தோளில் தூக்கிச் செல்கிறார்கள். அரசர்களும் ஆயர்களும் நிறைந்த அந்த நீண்ட துணியில், நான் ஒவ்வொரு முறையும் தேடிப் பார்ப்பது அந்தச் சுமைகாரர்களைத்தான். துருப் பிடித்த வளையச் சட்டையை மணலோடும் காடியோடும் பீப்பாய்க்குள் போட்டு உருட்டிச் சுத்தம் செய்வது வழக்கம். உருட்டியவர்களும் அத்தகைய ஆட்களாகவே இருந்திருப்பார்கள்.

வளையச் சட்டை வெட்டைத் தடுக்கும். கூர்முனைக் குத்தையும் தண்டாயுத அடியையும் அந்த அளவுக்குத் தடுக்காது. ஆகவே முதலில் முழங்காலுக்கும் முழங்கைக்கும், பிறகு தாடை, மார்பு, கை, கால் என்று தகடுகள் கூடிக்கொண்டே வந்து, 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உடல் முழுவதையும் மூடும் கவசம் உருவாகிவிட்டது. வடஇத்தாலியின் மிலான் நகரத்து மிசாலியா குடும்பமும் தென்ஜேர்மனியின் ஔக்ஸ்பர்க் நகரத்து ஹெல்ம்ஷ்மித் குடும்பமும் தலைமுறை தலைமுறையாக இதையே தொழிலாகக் கொண்டிருந்தன. குளிர்ந்த தகட்டை அடிக்க அடிக்க அது இறுகும், இறுகியதை மேலும் அடித்தால் வெடிக்கும், ஆகையால் நடுநடுவே நெருப்பில் காட்டி இளகவைக்க வேண்டும் என்று அப்பா சொல்வார். அவர்களும் அதைத்தான் செய்தார்கள். ஒரே மார்புத் தகட்டின் நடுப்பகுதியைத் தடிப்பாக விட்டு, ஓரங்களை மெலியவிட்டார்கள். கை கால்களுக்கான தகடுகள் ஒரு மில்லிமீற்றர் அளவுக்குக்கூட மெலிந்திருந்தன. மார்பின் நடுவே முகடு எழுப்பியது அழகுக்காக மட்டுமன்று. வருகிற முனை எதுவும் நேராகப் பதியாமல் பக்கவாட்டில் வழுக்கிப் போகவேண்டும் என்பதற்காக. மிலான் கவசங்களில் இடது தோள் தகடு பெரிதாகவும் வலது தோள் தகடு வெட்டி ஒடுக்கப்பட்டும் இருக்கும்: ஈட்டியை வலது அக்குளில் இடுக்க இடம் வேண்டும், எதிரி மோதுவதோ இடது பக்கம். தகடு இவ்வளவு தேர்ந்த பிறகு கேடயம் வேண்டியதில்லை என்று பலர் அதைக் கைவிட்டார்கள்.

உருக்கைப் பற்றிப் பேசும்போது நம் மலைகளின் தெற்கு ஓரத்தைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவப் பகுதியில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் வரிசையாக உலைகளைக் கட்டி, துருத்தியின்றித் தென்மேற்குப் பருவக்காற்றைக் கொண்டே நெருப்பை மூட்டி, ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை உருக்குச் செய்தார்கள். நீர்த்தேக்கம் நிரம்புவதற்கு முன் அங்கே அகழாய்வு நடந்தது. அதன் முடிவுகள் 1996இல் உலக அறிவியல் அரங்கில் வெளிவந்தன. 9ஆம் நூற்றாண்டின் அரபு அறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் சரந்தீபத்து, அதாவது இலங்கையின், உருக்கையும் வகைப்படுத்தியிருக்கிறார். அந்த உருக்கு ஐரோப்பிய நைட்டின் கவசத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கூரைத் தகட்டைப் பிய்த்தெறியும் ஜூலை மாதக் காற்றில் உருக்குக் காய்ச்சிய மனிதர்கள் நம் பக்கத்து மலையில் இருந்தார்கள் என்பதை என் மாணவர்கள் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி ஓவியங்களுக்கு வருவோம். புனித ஜோர்ஜ் உரோமைப் படைவீரர் என்றும், பேரரசர் டயோக்ளீசியன் காலத்தில், ஏறத்தாழ 303இல், தம் நம்பிக்கைக்காகக் கொல்லப்பட்டார் என்றும் மரபு சொல்கிறது. டிராகன் அவர் கதையில் சேர்ந்தது பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு. எங்கள் கோவில் படத்தில் அவர் அணிந்திருந்த தகட்டுக் கவசமோ அவர் இறந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்து தோன்றியது. ஓவியர்கள் தங்கள் வீதியில் கண்ட நைட்டின் உடையை எடுத்து உரோமை வீரருக்கு அணிவித்தார்கள். புளோரன்ஸ் நகரில் கவசமும் வாளும் செய்வோர் சங்கத்துக்காக டொனாடெல்லோ ஏறத்தாழ 1415 முதல் 1417 வரை செதுக்கிய புனித ஜோர்ஜ், பெரிய கேடயத்தைக் கால்முன் ஊன்றி, யாரோ வரப்போகிறார் என்பதுபோல் புருவம் சுருக்கி நிற்கிறார். தங்கள் கைவேலையைத் தெருவில் போவோர் எல்லோரும் நிமிர்ந்து பார்க்கவேண்டும் என்று கொல்லர்கள் கூடிப் பணம் கொடுத்துச் செய்வித்த சிலை என்பதால் அதன் மீது எனக்குத் தனிப் பற்று உண்டு.

ஜேர்மானிய ஓவியர் டியூரர் 1498இல் குதிரை மீதமர்ந்த கவச வீரர் ஒருவரை நீர்வண்ணத்தில் வரைந்து, அக்காலத்தில் ஜேர்மனியில் இருந்த கவசம் இதுவே என்று அதன் மேல் எழுதியும் வைத்தார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1513இல், சாவும் சாத்தானும் இருபுறமும் தொடர, எதையும் திரும்பிப் பாராமல் போகும் நைட்டைச் செப்புத் தகட்டில் செதுக்கியபோது, அந்தப் பழைய படத்தையே அடிப்படையாகக் கொண்டார். டியூரர் பொற்கொல்லரின் மகன். உலோகத்தில் ஒளி எங்கே விழும், எங்கே மங்கும் என்பதைச் சிறுவயதிலேயே பட்டறையில் பார்த்துப் பழகிய கண் அது. முழங்காலில் ஒரு தகடு அடுத்த தகட்டின் கீழே நுழையும் இடத்தைக்கூட அவர் கோடுகளால் சொல்லிவிடுகிறார்.

இத்தாலியின் உச்செல்லோ சான் ரொமானோ போரை மூன்று பெரிய பலகைகளில் வரைந்தபோது கவசங்களுக்கு வண்ணம் தீட்டாமல் வெள்ளித் தாளையே ஒட்டினார். மெழுகுதிரி வெளிச்சத்தில் அந்த நைட்டுகள் எப்படி மின்னியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். காலப்போக்கில் வெள்ளி கறுத்துவிட்டது. இலண்டன், பாரிஸ், புளோரன்ஸ் என்று மூன்று நகரங்களில் பிரிந்து கிடக்கும் அந்தப் பலகைகளில் இன்று காண்பது மங்கிய சாம்பல் நிற வீரர்களை. மாறாக, டிஷியன் 1548இல் வரைந்த பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸின் குதிரைப் படமும், அதில் அவர் அணிந்திருக்கும் அதே கவசமும் மட்ரிட் நகரில் இன்றும் உள்ளன. ஒரு ஓவியர் இரும்பை எவ்வளவு உண்மையாகப் பார்த்தார் என்பதை அங்கே ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

பிரெஞ்சுப் படையோடு போருக்குப் போன இளம்பெண் ஜோன் ஒஃப் ஆர்க்குக்கு 1429இல் பிரான்சின் தூர் நகரில் கவசம் செய்ய 100 லிவ்ர் (அக்காலப் பிரெஞ்சுப் பணம்) கொடுத்த கணக்கு இருக்கிறது. அந்தக் கவசம் இன்று இல்லை. அவர் உயிரோடிருந்தபோது வரையப்பட்டு நமக்கு எஞ்சியிருக்கும் ஒரே உருவம், பாரிஸில் ஒரு எழுத்தர் தம் பதிவேட்டின் ஓரத்தில் கிறுக்கியது. அவர் ஜோனைக் கண்ணால் கண்டதில்லை. ஆகையால் நீண்ட கூந்தலும் பாவாடையுமாக, கையில் வாளும் கொடியும் கொடுத்து, சாதாரணப் பெண்ணாகவே வரைந்துவிட்டார்.

கதைகளிலும் இதுவே நடந்தது. பிரித்தானியப் பழங்கதைகளில் அரசராக வரும் ஆர்தர் என்ற தலைவர் இருந்திருந்தால் அவர் ஏறத்தாழ 5, 6ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்திருக்க வேண்டும். நாம் அறிந்த ஆர்தரோ 12ஆம் நூற்றாண்டில் எழுதியவர்களும் 15ஆம் நூற்றாண்டில் தொகுத்தவர்களும் தத்தம் காலத்து இரும்பை அணிவித்த ஆர்தர். இங்கிலாந்தின் வின்செஸ்டர் மண்டபச் சுவரில் தொங்கும், ஆர்தரும் அவருடைய நைட்டுகளும் அமர்ந்ததாகக் கதை சொல்லும் வட்ட மேசைகூட 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்யப்பட்டதே. அந்தக் கதைகளுள் என்னை மிகவும் தொட்டது பெர்சவாலின் கதை. கணவனையும் மூத்த மக்களையும் நைட் வாழ்க்கைக்குப் பலிகொடுத்த தாய், கடைசி மகனுக்கு அந்தச் சொல்லே தெரியக்கூடாது என்று காட்டுக்குள் வளர்க்கிறாள். ஒருநாள் காட்டில் இரும்புச் சத்தம் கேட்டு, பேய்கள் வருகின்றன என்று அவன் நினைக்கிறான். வெயிலில் மின்னும் வளையச் சட்டைகளைக் கண்டதும், இவர்கள் வானதூதர்கள், இவர்களுள் மிக அழகானவரே கடவுள் என்று தரையில் விழுந்து வணங்குகிறான். பிறகு எழுந்து, இது என்ன, அது என்ன, பிறக்கும்போதே இந்தச் சட்டையோடுதான் பிறந்தீர்களா என்று கேட்டுத் துளைக்கிறான். கர்ணன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் கடைசிக் கேள்வி பேதைமையாகத் தோன்றாது.

எனக்கும் அப்படி ஒரு இரவு வாய்த்தது. எங்கள் தோட்டத்தில் பொன்னர் சங்கர் கூத்து ஆடுவார்கள். தேயிலைப் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் ஈயத்தாளைக் கிழியாமல் உரித்தெடுத்து, நீவி, மட்டையில் ஒட்டி, மார்புக் கவசமும் புஜகீர்த்தியும் கிரீடமும் செய்வார்கள். நான் ஐந்தோ ஆறோ வயதில், பனி இறங்கிய நள்ளிரவில், கோவில் முற்றத்துப் பெற்றோமக்ஸ் வெளிச்சத்துக்குள் சங்கர் பாய்ந்து வந்தபோது, அது என் சித்தப்பா என்பதை அறியாமல் அம்மாவின் கம்பளிக்குள் ஒளிந்துகொண்டேன். கொங்கு நாட்டு வீரனுக்குத் தேயிலை ஈயத்தைப் பூட்டிய எங்கள் கூத்து வாத்தியாரும், உரோமை வீரருக்கு மிலான் இரும்பைப் பூட்டிய இத்தாலிய ஓவியர்களும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது. கைக்கெட்டிய பளபளப்பை எடுத்துக் கதைக்குக் கொடுத்தார்கள்.

கதையின் பளபளப்பைச் சேறு கழற்றிவிடும். 1415 அக்டோபர் 25 அன்று, வடபிரான்சின் அஜின்கூரில் ஆங்கிலேயரோடு நடந்த போரில், முந்திய இரவு முழுவதும் மழை பெய்து குழம்பிக் கிடந்த உழுத வயலின் ஊடாகப் பிரெஞ்சு நைட்டுகள் கால்நடையாக முன்னேறினார்கள். இருபுறமும் காடு நெருக்க, பின்னால் வந்தவர்கள் முன்னால் போனவர்களைத் தள்ள, விழுந்தவர்கள் எழ இடமின்றி ஒருவர் மேல் ஒருவராகக் குவிந்தார்கள். பாரம் தாங்காமல் விழவில்லை. எழுந்து நிற்க ஒரு சாண் நிலம் கிடைக்கவில்லை. என் மாணவி கேட்ட கேள்விக்கு, எழும்ப முடியாத நாளும் உண்டு என்ற இந்த விடையையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ஏணியில் கைகளால் ஏறிய அதே பூசிகோ அன்று பிடிபட்டார். ஊர் திரும்பாமல் 1421இல் இங்கிலாந்திலேயே கைதியாக இறந்தார்.

இரும்புச் சட்டைக்காரர்கள் நம் நாட்டுக்கும் வந்தார்கள். போர்த்துக்கேயர் 1505இல் கொழும்பில் இறங்கிய செய்தி கோட்டை இராச்சியத்து அரசனுக்கு எப்படிப் போனது என்பதை இராஜாவலிய என்ற சிங்கள வரலாற்று நூல் சொல்கிறது: வெள்ளை நிற மனிதர்கள் வந்திருக்கிறார்கள், இரும்புச் சட்டையும் இரும்புத் தொப்பியும் அணிகிறார்கள், ஓரிடத்தில் நில்லாமல் அங்குமிங்கும் நடக்கிறார்கள், கல்லைத் தின்று இரத்தத்தைக் குடிக்கிறார்கள். கல் என்றது பாணை, இரத்தம் என்றது திராட்சை மதுவை. பெர்சவாலின் வியப்பும் அச்சமும் இந்த வரிகளிலும் இருக்கின்றன. அக்காலத்தில் துப்பாக்கி வலுத்து, தலை முதல் கால் வரை மூடும் கவசத்தின் நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன. மலைநாட்டுக்குள் அவர்கள் ஏறிய போதெல்லாம் மலை அவர்களைத் திருப்பி அனுப்பியது. 1630இல் பதுளையை எரித்துவிட்டுத் திரும்பிய தளபதி கொன்ஸ்தந்தீனோ டி சாவின் படை, ஊவாவின் அடிவாரத்தில் வெல்லவாயாப் பக்கத்து ரந்தெனிவெலவில் சூழப்பட்டது; உள்நாட்டுப் படையாட்கள் கட்சி மாறினர்; கொட்டிய மழையில் துப்பாக்கிகள் பயனற்றுப்போயின; அவரும் அங்கேயே மாண்டார். எட்டு ஆண்டுகள் கழித்துக் கண்டிக்கு அருகே கன்னொருவையில் இரண்டாம் இராஜசிங்கன் அவர்களை மறுபடியும் முறியடித்தான்.

நைட்டுகளைப் பற்றி அன்போடு எழுதும்போது மறைக்கக்கூடாத ஒன்று இருக்கிறது. 1376இல் இறந்த ஆங்கிலேய இளவரசர், கறுப்பு இளவரசர் எனப்படும் எட்வேர்ட்டின் கல்லறைச் சிற்பம், இங்கிலாந்தின் கன்ரபரி பேராலயத்தில் முழுக் கவசத்தோடு கைகூப்பிப் படுத்திருக்கிறது. பொன்முலாம் பூசிய அந்த உலோக உருவில் ஒவ்வொரு மூட்டும் ஒவ்வொரு கொக்கியும் தெரிகிறது. பார்க்கப் பார்க்கத் தெவிட்டாத வேலை. அதே இளவரசர் 1355இல் தென்பிரான்சுக்குள் படை நடத்தி, வழியெங்கும் ஊர்களையும் விளைச்சலையும் எரித்துக்கொண்டே போனார். நைட்டின் கண்ணியம் இன்னொரு நைட்டுக்கும் உயர்குலப் பெண்ணுக்கும் உரியதாக இருந்தது. உழவனின் வாசல்படியில் அது பெரும்பாலும் நின்றுவிட்டது. அந்தப் பொன்னுருவத்தை நான் மாணவர்களுக்குக் காட்டும்போது எரிந்த ஊர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

நைட்டுகள் மறைந்து நெடுங்காலம் கழித்து அவர்கள் மீது ஏக்கம் பிறந்தது. ஸ்கொட்லாந்து எழுத்தாளர் வோல்டர் ஸ்கொட்டின் கதைகள் அந்த ஏக்கத்தை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்த்தன. அவர் தமக்கென்று கட்டிய வீட்டில் பழைய ஆயுதங்களுக்கும் கவசங்களுக்கும் தனி அறையே வைத்தார். 1839இல் எக்ளின்ரன் பிரபு ஸ்கொட்லாந்தில் பழங்கால ஈட்டிப் போட்டியை மீண்டும் நடத்த முயன்றபோது, பெருமழை கொட்டி, திடல் சேறாகி, கவசமணிந்த கனவான்கள் குடையைத் தேடினார்கள். ஏறத்தாழ அதே காலத்தில்தான் ஸ்கொட்லாந்துக்காரர் பலர் கோப்பித் தோட்டம் போட நம் மலைகளுக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஸ்கொட்டின் வீட்டுக்குப் பெயர் அபட்ஸ்போர்ட். நம்மிடமும் ஒரு அபட்ஸ்போர்ட் தோட்டம் இருக்கிறது. அக்கரபத்தனையில் வேவர்லி, கினிகத்தேனையில் கெனில்வர்த்: இரண்டும் ஸ்கொட்டின் நாவல்களின் பெயர்கள். செக்ரோலிலும் (தோட்டத்து வேலைப் பதிவேட்டிலும்) சம்பளத் துண்டிலும் நம் பாட்டன்மார் தலைமுறைகளாகக் கண்ட இந்தப் பெயர்கள் கோட்டைகளையும் நைட்டுகளையும் பற்றிய கதைகளின் உலகத்திலிருந்து வந்தவை. வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் சிறிது நேரம் பேசவில்லை.

கேள்வி கேட்ட மாணவிக்கு வார்த்தையால் மட்டும் விடை சொல்வது போதாது என்று எண்ணி, சென்ற வாரம் அப்பாவின் சுத்தியலையும் தகரம் வெட்டும் கத்தரியையும் பாடசாலைக்குக் கொண்டு போனேன். வெற்று பிஸ்கட் டின்னை வெட்டி, ஓரங்களை மடித்துத் தட்டி, முழங்கைக்கு மூன்று தகடுகள் செய்தோம். ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி, இருபுறமும் துளையிட்டு, ஆணி அடித்து, பழைய துணியை உள்ளே வைத்து அவள் கையில் கட்டினோம். கை பாதி மடங்கி நின்றுவிட்டது. அழுத்தினால் தகடு நெளிந்தது. அவள் அதைக் கழற்றி மேசையில் வைத்து, டியூரரின் படத்தைப் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். ஆணி தகட்டோடு இறுகி நிற்கக்கூடாது, தகடு நகர நகர அதுவும் நகர வேண்டும் என்று அவளே சொன்னாள். மிலான் கொல்லர்கள் செய்ததும் அதுதான்: வட்டத் துளைக்குப் பதிலாக நீள்துளை. நடுத்தகட்டின் துளைகளை உளியால் ஒரு விரல் நகத்தின் அளவுக்கு நீட்டி, ஆணியைத் தளரப் பூட்டி, மறுபடியும் கட்டினோம். ஒரு தகடு மற்றொன்றின் கீழே மெல்ல நுழைந்தது. அவள் கையை மடக்கித் தோளைத் தொட்டாள்.